கற்பிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை

வெளிநாட்டுக்குப் போய் ஆங்கிலம் கற்பிக்க நினைக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் என்னவெல்லாம் கேட்கிறார்கள்? அப்பா பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆகியிருந்தால் அவர் ஏன் கூட வரவில்லை, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட், என்ன வயது, புகைப்படத்தில் என்ன நிறம், இரத்தத்தில் என்ன நோய். சான்றிதழில் இருக்கும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஏன் ஒத்துப்போகவில்லை. இதில் பாதிக் கேள்விகள் வீட்டில் வரும். மீதி அலுவலகத்தில் வரும். ஒரு கேள்வி மட்டும் இரண்டு இடத்திலும் கடைசியில்தான் வரும். பல நேரம் வரவே வராது. உனக்குக் கற்பிக்கத் தெரியுமா?

அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, வீட்டில் ஓர் ஆங்கிலச் சொல்கூடக் காதில் விழாத பிள்ளைகளுக்கு. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியராகப் போக முயன்றபோது நான் சந்தித்த இந்தக் கேள்விகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இது என் சொந்தக் குறை அல்ல. வீடும் அரசும் சேர்ந்து பெண்களிடம் நடத்தும் ஒரே விசாரணை இது. வீடு, ‘நீ யார் வீட்டுப் பெண்’ என்று கேட்கிறது. விசா, ‘நீ எந்த நாட்டுப் பெண்’ என்று கேட்கிறது. இரண்டுமே என்னை யாருக்கோ சொந்தமானவளாக மட்டும் பார்க்கின்றன. என் வேலையைப் பார்ப்பதில்லை.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம். வயது வந்த ஒரு பெண் வெளிநாடு போக அப்பாவோ கணவரோ அனுமதி தர வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெளிநாடு செல்வது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்பதை உச்ச நீதிமன்றம் 1978இல் மேனகா காந்தி வழக்கில் உறுதியாகச் சொன்னது. ‘பொது நலன்’ என்று மட்டும் சொல்லி, காரணம் தர மறுத்து, அவருடைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்னது அரசு. நியாயமான நடைமுறை இல்லாமல் அந்த உரிமையில் கை வைக்க முடியாது என்றது நீதிமன்றம். இந்தியர்கள் எல்லோரும் இன்று அனுபவிக்கும் இந்த உரிமை ஒரு பெண்ணின் பாஸ்போர்ட்டிலிருந்து கிடைத்தது. சட்ட மாணவர்கள் அத்தனை பேரும் படிக்கும் வழக்கு இது. நம் வீடுகளில் மட்டும் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

நான் அணுகிய ஒரு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். “கணவர்கிட்ட ஒரு நோ அப்ஜெக்‌ஷன் லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க மேடம். நோட்டரி கையெழுத்தோட.”

“எந்தச் சட்டத்துல அப்படி இருக்கு?”

“சட்டமெல்லாம் இல்ல மேடம். எங்க சேஃப்டிக்கு. நாளைக்கு அவர் வந்து சத்தம் போட்டா நாங்க என்ன பண்றது?”

“ஆம்பளைங்க வந்தா மனைவிகிட்ட லெட்டர் கேப்பீங்களா?”

“ஜென்ட்ஸுக்கு எதுக்கு மேடம்?”

அந்தப் பதிலில் அவர் எதையும் மறைக்கவில்லை. அந்தக் கடிதம் என்னுடைய பாதுகாப்புக்கு அல்ல. என் கணவரின் கோபத்திலிருந்து அவர்களுடைய பாதுகாப்புக்கு. என்னை ஒரு பொருளாக வைத்து இரண்டு ஆண்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அதற்கு நோட்டரிக் கட்டணம் மட்டும் நான் கட்ட வேண்டும்.

ஏழைப் பெண்களிடம் அரசே நேரடியாக இந்த வேலையைச் செய்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாத பெண் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று இந்தியா விதி வைத்தது. அதே படிப்பு உள்ள ஆணுக்கு அந்த வயது வரம்பு இல்லை. இலங்கையில் 2013இல் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்றார்கள். தந்தை போகலாம், அவரிடம் அறிக்கை கேட்பதில்லை. பொருளாதாரம் சரிந்து, நாட்டுக்கு டாலர் வேண்டியிருந்த 2022இல், அந்த ஐந்து வயதை இரண்டாகக் குறைக்க அமைச்சரவை முடிவு செய்தது. பிள்ளைகளின் நலன் என்று சொன்னவர்களுக்கு, பணம் தேவைப்பட்டதும் இரண்டு வயதே போதும் என்று தோன்றிவிட்டது. பட்டம் பெற்ற ஆசிரியரான எனக்கு இந்த விதிகள் பொருந்தா. ஆனால் அந்த இளைஞர் கேட்ட கடிதமும் இந்த விதிகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பெண்களின் உயர்கல்வி வரலாற்றைப் புரட்டினால், தனியாகக் கடல் கடந்து வந்து ஆங்கிலத்தில் கற்பித்த பெண்களை எத்தனையோ பேர் பார்க்கலாம். 1915இல் சென்னையில் தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரியின் முதல் முதல்வர் மிஸ் எலினார் மெக்டூகல் இங்கிலாந்திலிருந்து வந்தவர். 1948இல் மதுரையில் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கிய மிஸ் கேட்டி வில்காக்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்தவர். அந்த ‘மிஸ்’ நமக்கு உறுத்தியதே இல்லை. அவர்களுடைய படங்களை மாட்டி மாலை போடுகிறோம், தியாகம் என்கிறோம். அந்தக் கல்லூரிகளில் படித்த நம் பெண் அதே வேலைக்கு வேறொரு நாட்டுக்குப் புறப்பட்டால் ‘அப்படி என்ன அவசியம்’ என்கிறோம். வெள்ளைக்காரி தனியாக வந்தால் தொண்டு. நம் பெண் தனியாகப் போனால் திமிர்.

வீட்டுச் சம்மதம் கிடைத்த பிறகு காகிதங்கள். பட்டச் சான்றிதழுக்கும் காவல் துறைத் தடையின்மைச் சான்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். இந்தியா 2005இல் சேர்ந்த ஹேக் ஒப்பந்தத்தின்படி வெளியுறவு அமைச்சகம் அதைத் தருகிறது. கல்விச் சான்றிதழ் என்றால் அதற்கு முன் மாநில அரசின் சரிபார்ப்பு. ஆண்களுக்கும் இதே வரிசைதான், இதே அலைச்சல்தான். ஆனால் பெண்ணுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொல்லை இருக்கிறது. அது அவளுடைய பெயர்.

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அப்பாவின் முதல் எழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு யாரோ ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொடுத்து, ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் கணவரின் முதல் எழுத்து. பாஸ்போர்ட்டில் எழுத்தை விரித்து எழுத வேண்டும் என்பதால் ஒருவருடைய முழுப் பெயர். மூன்று காகிதங்களில் மூன்று பெண்கள். மூவரும் நான்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, முத்திரைத் தாள் வாங்கி, சில நேரம் அரசிதழில் பெயர் மாற்ற விளம்பரமும் கொடுத்து நிரூபிக்க வேண்டும். என் கணவர் பிறந்தது முதல் ஒரே பெயரில்தான் இருக்கிறார். அவர் யார் என்று அவர் யாருக்கும் நிரூபித்ததில்லை. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தினார்கள். பெற்றோரில் ஒருவர் பெயர் போதும், திருமணச் சான்றிதழ் வேண்டாம் என்றார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் விதி மாறிய பிறகும், “ஹஸ்பண்ட் நேம் போட்டுடலாமே மேடம், பின்னாடி பிரச்சினை வராது” என்று சொல்லும் மனிதர்கள் கவுன்டரில் மாறவில்லை. அவர்கள் பேச்சைக் கேட்டுப் பெயரை மாற்றுவதில்தான் பிரச்சினையே தொடங்குகிறது.

இனி அந்தப் பக்கத்து அரசு. தென்கொரியா மொழி ஆசிரியர்களுக்குத் தரும் விசாவுக்கு ஈ-2 என்று பெயர். ஆங்கிலம் கற்பிக்க அந்த விசா ஏழு நாடுகளின் குடிமக்களுக்குக் கிடைக்கும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. பட்டம் எந்தப் பாடத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு நாள்கூட வகுப்பறையில் நின்றிருக்க வேண்டியதில்லை. இந்தியர்களுக்கு ஒரு பக்கக் கதவு இருக்கிறது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, பட்டத்தோடு ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் இருந்தால் பள்ளிகளில் துணை ஆசிரியராகலாம். அந்த ‘துணை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏழு நாட்டுக்காரருக்குக் கேட்காத ஆசிரியர் தகுதியை எங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, எங்களைத் துணையாக உட்கார வைக்கிறார்கள். சிங்கப்பூரில் பிறந்து முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலத்திலேயே படித்த தமிழ்ப் பெண்ணும் அந்த ஏழில் இல்லை. நைஜீரியப் பெண்ணும் இல்லை, பிலிப்பைன்ஸ் பெண்ணும் இல்லை.

சீனாவின் விதி இன்னும் வெளிப்படையானது. அங்கே வெளிநாட்டு மொழி ஆசிரியர் கொள்கையளவில் தன் தாய்மொழி நாட்டின் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும். இந்தியாவின் தாய்மொழி எது என்று அந்த விதியை எழுதியவரிடம் கேட்க ஆசையாக இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று பதிந்த இந்தியர்கள் சுமார் 2.6 லட்சம் பேர். அவர்களுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

‘தாய்மொழி’ என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். தாயின் பெயரில் இருக்கிறது. ஆனால் விசா அலுவலகத்தில் அதற்குச் சான்று தாய் அல்ல, பாஸ்போர்ட். பாஸ்போர்ட் நெடுங்காலம் யாருடைய சொத்தாக இருந்தது? வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிரிட்டன் குடியுரிமையைத் தாய் வழியாகப் பெறும் உரிமை 1983இல்தான் வந்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தியத் தாய் தன் குடியுரிமையைத் தர முடிந்தது 1992இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு. கொரியாவில் அது 1998. அதுவரை பிள்ளை அப்பாவின் நாட்டுக்குச் சொந்தம். தாலாட்டுப் பாடியவள் யாராக இருந்தாலும், தாய்மொழி எது என்று சொன்னது அப்பாவின் பாஸ்போர்ட். பேசக் கற்றுக்கொடுத்தவளின் பெயரை வைத்துக்கொண்டு, பதிவேட்டில் அவளுடைய கணவன் பெயரை எழுதும் பழக்கம் நமக்குப் புதிது இல்லையே.

தாய்மொழியாளர்தான் சிறந்த ஆசிரியர் என்பது கல்வியியல் உண்மை அல்ல. 1961இல் உகாண்டாவின் மக்கெரேரேயில் நடந்த காமன்வெல்த் மாநாடு இந்தக் கருத்துக்கு ஒரு முத்திரை குத்தியது. 1992இல் ராபர்ட் பிலிப்சன் அதை ஒரு மூடநம்பிக்கை என்று உடைத்துக் காட்டினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த நம் சுரேஷ் கனகராஜா அதன் அரசியலை விரித்து எழுதினார். இலங்கையரான ஜார்ஜ் பிரெய்ன், 1998இல் டெசோல் என்னும் உலக ஆங்கில ஆசிரியர் சங்கத்துக்குள் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கென ஓர் அணியை உருவாக்க முன்னின்றார். 2006இல் அந்தச் சங்கமே இந்தப் பாகுபாட்டுக்கு எதிராக நிலைப்பாடு வெளியிட்டது. ஆய்வுலகம் தீர்த்துவைத்துவிட்ட கேள்வியை விசா விதிகள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வகுப்பறையிலிருந்து சொல்கிறேன். தமிழில் வினை கடைசியில் வரும். கொரிய மொழியிலும் அப்படித்தான். தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். கொரிய மொழியிலும் உருபுகள் பின்னால்தான். ஆங்கிலத்தின் ‘ஏ’, ‘தி’ இரண்டும் இல்லாமலே இரண்டு மொழிகளும் நிம்மதியாக வாழ்கின்றன. ‘ஃப’ ஒலி இரண்டிலும் இல்லை. நாம் காப்பி என்கிறோம், அவர்கள் கோப்பி என்கிறார்கள். ஒரு கொரியப் பிள்ளை ஆங்கில வாக்கியத்தில் எந்த இடத்தில் தடுக்கி விழும் என்பது எனக்குத் தெரியும். அதே இடத்தில் என் மாணவிகள் விழுந்து எழுவதைப் பதினோரு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். ‘தி’ எப்போது வரும் என்று நான் விதி சொல்லி, நூறு எடுத்துக்காட்டு எழுதி, விளக்குவேன். பிறந்ததிலிருந்து பேசியவரிடம் கேட்டால், பயிற்சி பெறாதவராக இருந்தால், ‘அப்படித்தான் சொல்வோம்’ என்பதோடு பதில் முடிந்துவிடும்.

இந்த மொழி எனக்கு வாரிசுச் சொத்தாக வரவில்லை என்பது சரி. ஆனால் ஓசியிலும் வரவில்லை. 1965இல் இந்த மாநிலத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், உயிரையும் கொடுத்தார்கள். இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதைத் தடுத்து ஆங்கிலத்தைத் தொடர வைத்த போராட்டம் அது. 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. ஆங்கிலம் எங்களிடம் இருப்பது நாங்கள் அதை வைத்துக்கொள்ள முடிவு செய்ததால். முடிவெடுத்துக் கற்ற மொழி பிறப்பால் வந்த மொழியைவிடக் குறைந்தது என்று சொல்வது எப்படிப்பட்ட வாதம் என்று நமக்கு நன்றாகத் தெரியும். பிறப்பால் தகுதி என்று யார் எந்த மொழியில் சொன்னாலும் இந்த மண்ணில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

நாட்டுப் பட்டியலுக்குள் இருந்தால் மட்டும் பெண் தப்பித்துவிடுவாளா? 2007இலிருந்து ஈ-2 விசா ஆசிரியர்களுக்குக் கொரியா எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. கொரிய ஆசிரியர்களுக்கு அது இல்லை. வெளிநாட்டுக் குடிமக்களே ஆனாலும் கொரிய வம்சாவளி ஆசிரியர்களுக்கும் இல்லை. உல்சான் நகரில் கற்பித்துக்கொண்டிருந்த நியூசிலாந்துப் பெண் ஒருவர் 2009இல் மறுபரிசோதனைக்கு மறுத்தார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் ஐக்கிய நாடுகள் சபையின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவுக்குப் போனார். வெளிநாட்டு ஆசிரியர்களின் ஒழுக்கத்தையும் விழுமியங்களையும் பார்க்கத்தான் இந்தப் பரிசோதனை என்று கல்வி அதிகாரிகள் தரப்பிலேயே சொல்லப்பட்டது என்று அவர் முறையிட்டார். 2015இல் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017இல் கொரியா அந்தப் பரிசோதனையை நீக்கியது.

ஒழுக்கம்! இரத்தத்தை எடுத்து ஒழுக்கத்தைப் பார்க்கும் இந்த விஞ்ஞானம் நமக்கு எவ்வளவு பழக்கமானது! ‘வெளிநாட்டில் தனியாக இருந்தவளாமே’ என்று திரும்பி வந்தவளைப் பற்றிக் கல்யாணத் தரகர் கேட்பதும் இதையேதான். அந்த நியூசிலாந்துப் பெண்ணுக்கு ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்களில் ஒன்று இருந்தது, ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தது. அது அவரை இந்தச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றவில்லை. அவர் கேட்டது சலுகையை அல்ல; தன் உடம்பை வேலைக்கான சான்றாக ஆக்காதே என்றார். ஆறு ஆண்டுகள் காத்திருந்தார். அவருக்குப் பிறகு போகும் நாம் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

எனக்குக் கொரியாமீது பகை இல்லை. ஆணைக் குடும்பத் தலைவனாக வைத்துப் பெண்களை அவனுடைய பதிவேட்டில் எழுதும் ‘ஹோஜு’ முறையை அந்த நாட்டுப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி 2008இல் இல்லாமல் ஆக்கினார்கள். நம் குடும்ப அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டு எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது: யாரை உள்ளே விடுவது என்பது ஒரு நாட்டின் உரிமை அல்லவா? உரிமைதான். குழந்தைகளிடம் பழகப் போகிறவரின் குற்றப் பின்னணியைப் பார்க்கட்டும். கட்டாயம் பார்க்க வேண்டும். பட்டம் கேட்கட்டும், பயிற்சி கேட்கட்டும், வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லட்டும். இவை எல்லாம் நான் முயன்று பெறக்கூடியவை. பிறந்த நாட்டை நான் முயன்று பெற முடியாது. வேறு வழி இருக்கிறது என்பதற்குப் பக்கத்து நாடே சாட்சி. ஜப்பானில் பள்ளிகளில் மொழி கற்பிப்பவருக்கான ‘கல்வி’ விசாவுக்கு, கற்பிக்கும் மொழியில் 12 ஆண்டு கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. எந்த நாடு என்று அந்த விதி கேட்பதில்லை.

ஆனால் அந்த 12 ஆண்டு விதியைப் படித்ததும் எனக்குக் கொரியா மறந்துபோய் நம் தெரு நினைவுக்கு வந்தது. அண்ணனை மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலவழியிலும் தங்கையை அரசுப் பள்ளியில் தமிழ்வழியிலும் சேர்த்த வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘அவன் நாலு இடத்துக்குப் போகப் பிறந்தவன், இவள் இன்னொரு வீட்டுக்குப் போகப் பிறந்தவள்.’ என் வகுப்பில் பாதிப் பெண்களின் தம்பிகள் வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். தமிழ்வழிக் கல்வி தாழ்ந்தது அல்ல. நான் அதில் பெருமையோடு கற்பிக்கிறவள். ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை வேறு வழி என்று வீடு பிரித்ததே, அது மொழிக் கொள்கை அல்ல, சொத்துப் பிரிவினை. ஐந்து வயதில் அப்பா எடுத்த அந்த முடிவு இருபத்தைந்து வயதில் டோக்கியோ விசா அலுவலகத்தில் அவளுக்கு எதிராக நிற்கும். நாட்டைக் கேட்காத நியாயமான விதியும் வீட்டின் அநியாயத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறது.

இரண்டாவது எதிர்வாதம்: பாதுகாப்பு. ‘காலம் கெட்டுக்கிடக்கு, தெரியாத ஊர்ல ஒரு பொம்பளை தனியா எப்படி?’ உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஈ-2 விசா வேலை தரும் பள்ளியோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் முடியும் முன் வேறு இடத்துக்கு மாற வேண்டுமானால் பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் கேட்கப்படும். தங்கும் வீட்டையும் பெரும்பாலும் பள்ளியே தரும். அப்படியானால் அந்த முதலாளியே தொல்லை கொடுத்தால்? அவனிடமிருந்து விடுபட அவனிடமே அனுமதிக் கடிதம் கேட்க வேண்டும். வேலை போனால் வீடும் போகும், விசாவும் ஆட்டம் காணும். பெண்ணின் பாதுகாப்பு பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, வீட்டுச் சாவி யாரிடம், பாஸ்போர்ட் யார் கையில், புகார் எந்த அலுவலகத்தில், தூதரக எண் என்ன. என் வீட்டில் பாதுகாப்பைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். ஒப்பந்தத்தை ஒருவர்கூட வாங்கிப் படிக்கவில்லை. அவர்கள் பயந்தது எனக்கு என்ன ஆகும் என்று அல்ல, ஊர் என்ன சொல்லும் என்று.

என் விண்ணப்பம் கடைசியில் எந்தப் பள்ளிக்கும் போய்ச் சேரவில்லை. கணவர் கடிதம் தேவைப்படாமலே அது நின்றது. “ஸ்கூல்ல நேட்டிவ்தான் கேக்கறாங்க மேடம், போட்டோவும் பாத்துட்டாங்க” என்றார் அதே இளைஞர். பெண் பார்க்க அனுப்பிய படத்துக்கு வரும் பதிலைப் போலவே இருந்தது.

இனி என்ன செய்வது? இந்திய-கொரிய ஒப்பந்தத்தை மேம்படுத்தும் பேச்சு பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த மேசையில் ‘துணை’ என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்க வேண்டும். அந்தச் சங்கங்களில் இருக்கும் பெண்கள் கேட்க வைக்க வேண்டும். வேலைவாய்ப்பு நிறுவனங்கள் பெண்களிடம் மட்டும் கணவர் கடிதம், அப்பா கடிதம் கேட்பதை அரசு தடை செய்ய வேண்டும். 30 வயது விதி ஒழிய வேண்டும். ஒரே வீட்டில் பையனுக்கு ஒரு பள்ளி, பெண்ணுக்கு ஒரு பள்ளி என்று பிரிக்கும் பெற்றோரை நாம் வாய்திறந்து கேட்க வேண்டும், சொந்தக்காரர்களாக இருந்தாலும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். பதினெட்டு முடிந்ததும் பாஸ்போர்ட் எடுங்கள். எங்கும் போகும் திட்டம் இல்லை என்றாலும் எடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரிலேயே எடுங்கள். கல்யாணம் ஆனாலும் அதை மாற்றாதீர்கள், யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும். அசல் சான்றிதழ்கள் உங்கள் பெட்டியில் இருக்கட்டும், அப்பா பீரோவில் வேண்டாம், மாமியார் பீரோவில் வேண்டவே வேண்டாம். மொழி ஆசிரியராக வேண்டும் என்றால் பி.எட். முடியுங்கள், அது இருந்தால் பக்கக் கதவாவது திறக்கும். ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள், புரியாத வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கணவர் கடிதம் கொண்டுவா என்று எந்த நிறுவனமாவது சொன்னால், அந்தக் கோரிக்கையை உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். நான் கேட்டேன். அந்த இளைஞர் எழுந்துபோய் உள்ளே யாரிடமோ பேசிவிட்டு வந்து, “அது பரவாயில்ல மேடம், விட்டுடலாம்” என்றார்.